நிமிடம் தயாரிக்கும் இயந்திரம்



அழைப்பிதழில் "கூரைக்குக் கீழே வான்குதிப்பு" என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர், "குதிப்பதும் இல்லை, வானமும் இல்லை. அப்புறம் பேச என்ன இருக்கிறது?" என்று வாசலிலேயே என்னை மடக்கிவிட்டார். நியாயமான கேள்வி. நான் பேசப்போவதெல்லாம் அவருக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு மாடி உயரத்தில் ஒரு கட்டடம். அதன் நடுவே கண்ணாடிச் சுவர்களுக்குள் வட்டமாக ஒரு கூடம். தரைக்குப் பதிலாக எஃகு வடத்தில் பின்னிய வலை. வலைக்குக் கீழேயிருந்து மேல்நோக்கிக் காற்று பாய்கிறது. உள்ளே இருப்பவரின் எடைக்கும் திறமைக்கும் ஏற்ப மணிக்கு 150 கிலோமீட்டர், 200 கிலோமீட்டர், தேர்ந்தவர் என்றால் 250-க்கும் மேல். அந்தக் காற்றின்மேல் மனிதர் குப்புறப் படுக்கிறார். கயிறு கிடையாது, கொக்கி கிடையாது. இதைத்தான் இன்டோர் ஸ்கைடைவிங் என்கிறார்கள். பழகியவர்கள் சுருக்கமாக 'டனல்' என்பார்கள். நாம் செங்குத்துக் காற்றுச் சுரங்கம் என்று சொல்லலாம்.

பலரும் இதை எடையற்ற நிலை என்று நினைக்கிறார்கள். விளம்பரங்களும் அப்படித்தான் எழுதுகின்றன. அது தவறு. விண்வெளி நிலையத்தில் மிதப்பவருக்குத் தன்னைத் தாங்கும் பொருள் எதுவும் இல்லை. இங்கே உங்கள் எடை முழுவதையும் காற்று தாங்குகிறது. நெஞ்சிலும் வயிற்றிலும் தொடையிலும் அந்த அழுத்தம் நன்றாகத் தெரியும். ராட்டினத்தில் இறங்கும்போது வயிற்றைப் பிசைகிறதே, அந்த உணர்ச்சி இங்கே துளியும் கிடையாது. வேகம் மாறும்போதுதான் வயிறு கலங்கும். நிலையான வேகத்தில் கலங்காது.

உண்மையான வான்குதிப்பிலும் இதே கதைதான். ஏறத்தாழ 4000 மீட்டர் உயரத்தில் விமானத்தைவிட்டு ஒருவர் வெளியே வருகிறார். முதல் பத்துப் பன்னிரண்டு நொடிகள் வேகம் கூடிக்கொண்டே போகும். வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடும், அதுவும் வேகத்தின் இருமடியில் கூடும். ஒரு கட்டத்தில் தடையும் எடையும் சமமாகிவிடுகின்றன. பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்த முற்றுத் திசைவேகம் அதுதான். குப்புற விழுபவருக்கு அது மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். தலைகீழாக விழுந்தால் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைவதால் அந்த வேகம் 250-ஐயும் தாண்டிப் போகும். அதற்குப் பிறகு வேகம் மாறுவதில்லை. நின்ற காற்றுக்குள் மனிதன் 200-இல் இறங்கினாலும், நின்ற மனிதனைக் காற்று 200-இல் கடந்து ஏறினாலும் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. கலிலியோ சொல்லிக் கொடுத்த சார்பியக்கம் இவ்வளவுதான். சுரங்கத்தில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. வானத்தில் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது.

அப்படியென்றால் சுரங்கம் புதிதாக எதைக் கொடுத்தது? நேரத்தை.

4000 மீட்டரிலிருந்து குதிப்பவர் பாராசூட்டை விரிக்கும்வரை விழும் நேரம் சுமார் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்காக விமானத்தில் இருபது நிமிடம் ஏற வேண்டும், வானிலை ஒத்துழைக்க வேண்டும், இறங்கிய பிறகு பாராசூட்டைத் திரும்ப மடித்துக் கட்ட வேண்டும். ஆயிரம் முறை குதித்தவர் என்றால் அந்த வட்டாரத்தில் பெரிய கை. கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர் வானில் பறந்த மொத்த நேரம் பதினேழு மணி நேரம்கூட வராது. மிருதங்கம் கற்றுக்கொள்ளும் பிள்ளையிடம், "ஒருநாளைக்கு ஒரு நிமிடம்தான் வாசிக்கலாம், தப்பாக வாசித்தாலும் நாளைக்குத்தான் திருத்துவேன், வாசிக்கும்போது நான் பேசுவது உனக்குக் கேட்காது" என்று ஆசிரியர் சொன்னால் எப்படியிருக்கும்? ஸ்கைடைவிங் பல பத்தாண்டுகள் அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. சுரங்கத்தில் ஒரு மணி நேரம் பறந்தால் அறுபது குதிப்புக்குச் சமம். பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்கிறார். பிழை நேர்ந்த அடுத்த நொடியே கையைப் பிடித்துத் திருத்துகிறார்.

இது திட்டமிட்டுச் செய்த கண்டுபிடிப்பு அல்ல. வேறொரு வேலைக்குக் கட்டிய இயந்திரத்தில் மனிதன் புகுந்துகொண்டான். அந்த வரலாறு எனக்குப் பிடித்தது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் என்றொரு ஊர். 1901-இல் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், ஆறடி நீள மரப்பெட்டி ஒன்றைச் செய்து அதற்குள் விசிறியால் காற்றைச் செலுத்தினார்கள். சின்னச் சின்ன இறக்கை வடிவங்களை, ஏறத்தாழ 200 வகை, அதற்குள் வைத்து எடைபோட்டுப் பார்த்தார்கள். அதுவரை அச்சில் வந்திருந்த அட்டவணைகளை நம்பிச் செய்த கிளைடர்கள் எதிர்பார்த்தபடி பறக்கவில்லை. அந்தப் பெட்டி கொடுத்த எண்களை வைத்துத்தான் 1903-இல் விமானம் எழும்பியது.

அது படுக்கைவசத்துச் சுரங்கம். அதைச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டிய தேவை ஒரு ஆபத்தால் வந்தது. வேகம் குறைந்து இறக்கை தாங்கும் வலுவை இழந்தால், விமானம் பம்பரம்போலச் சுழன்றுகொண்டே கீழே இறங்கும். ஸ்பின் என்பார்கள். ஆரம்பகால விமானிகள் எத்தனையோ பேர் இதிலிருந்து மீளத் தெரியாமல் மாண்டார்கள். எந்த விமானம் மீளும், எது மீளாது என்று நிஜ விமானத்தில் ஆளை ஏற்றிச் சோதித்துப் பார்க்க முடியுமா? அதனால் வர்ஜீனியாவிலுள்ள லாங்லி ஆய்வகத்தில் மேல்நோக்கிக் காற்று வீசும் சுரங்கங்களைக் கட்டினார்கள். அவற்றுள் இருபது அடி அகலச் சுரங்கம் 1941-இல் இயங்கத் தொடங்கியது.

அங்கே சோதனை நடக்கும் விதம் பார்க்க அழகானது. எடையும் எடைப் பரவலும் அளவுக்கேற்பச் சரிசெய்யப்பட்ட மாதிரி விமானம் ஒன்றைப் பணியாளர் கையில் எடுத்துக்கொள்கிறார். சுரங்கத்தின் பக்கவாட்டுத் திறப்பில் நின்று, மணிக்கட்டைச் சுண்டி, தட்டு எறிவதுபோல அதைச் சுழலவிட்டுக் காற்றுக்குள் எறிகிறார். இன்னொருவர் காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, அது கண்மட்டத்திலேயே சுழன்றுகொண்டு நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார். பிறகு தூர இயக்கத்தால் மாதிரியின் சுக்கானைத் திருப்புகிறார்கள். சுழற்சி நின்றால் அந்த வடிவமைப்பு தேறியது. நிற்காவிட்டால் வரைபலகைக்குத் திரும்ப வேண்டும். நூற்றுக்கணக்கான விமான வடிவங்கள் இப்படித் தேர்வெழுதியிருக்கின்றன. பிற்காலத்தில் விண்வெளி வீரர்கள் திரும்பி வந்த மெர்க்குரிக் கலத்தின் மாதிரியையும் இதே சுரங்கத்தில் மிதக்கவிட்டுச் சோதித்தார்கள்.

மறுபடியும் டேட்டனுக்கு வாருங்கள். ரைட் சகோதரர்களின் பெயரையே தாங்கி நிற்கும் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்திலும் ஒரு செங்குத்துச் சுரங்கம் இருந்தது. 1964-இல் அங்கே பாராசூட் சோதனைகளின்போது ஜாக் டிஃபனி என்பவர் தாமே காற்றின்மேல் படுத்தார். செங்குத்துச் சுரங்கத்தில் பறந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

அதை மக்களுக்குத் திறந்துவிட்டவர் கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ழான் சென்-ஜெர்மேன். 1979-இல் அவர் தம் சுரங்கத்தை அமைத்தார். 1982-இல் அந்த யோசனை எல்லை தாண்டி லாஸ் வேகஸுக்கும் டென்னசியின் பிஜன் ஃபோர்ஜுக்கும் போனது. அந்தக் காலத்து இயந்திரத்தில் விசிறி கீழே இருக்கும். அது காற்றை மேலே தள்ளும். விசிறி இலைகள் கலக்கிவிட்ட காற்று அப்படியே ஆளின்மேல் மோதும். காற்றுத்தூண் நடுவில் மட்டும்தான். ஓரத்துக்கு நழுவினால் தாங்க எதுவுமில்லை, மெத்தையில் விழ வேண்டியதுதான். வேடிக்கைக்குச் சரி. கலைக்குப் போதாது.

1998-இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் பில் கிச்சன் என்பவரின் ஸ்கைவெஞ்சர் திறந்தபோதுதான் கதை மாறியது. விசிறியை மேலே வைத்து, காற்றைத் தள்ளுவதற்குப் பதிலாக இழுத்தார்கள். விசிறியை எட்டுவதற்கு முன்பே காற்று ஆளைத் தாண்டிவிடுகிறது, அதனால் கலங்காமல் வருகிறது. சுவரிலிருந்து சுவர்வரை கூடம் முழுக்க ஒரே சீராக வீசுகிறது. விழுவதற்கு ஓரமே இல்லை. இன்று உலகெங்கும் கட்டப்படுவன பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான்.

இந்த இடத்தில் பொறியியல் மாணவர்கள் நிமிர்ந்து உட்காரலாம், மற்றவர்கள் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். கூடத்துக்குக் கீழே அகலமான அறை ஒன்று இருக்கிறது. அது மேலே வரவரக் குறுகும். குறுகும் வழியில் காற்று வேகமெடுக்கும், ஏற்ற இறக்கங்கள் தேய்ந்து சீராகும். கூடத்துக்கு மேலே மறுபடியும் வழி விரிகிறது. அங்கே காற்று வேகம் இழக்கிறது. இந்த விரிவுதான் பாதுகாப்பு. பறப்பவர் எகிறி மேலே போனால், போகப்போகத் தாங்கும் காற்று குறையும், தானாகவே கீழே வந்துவிடுவார். விசிறிவரை போய்விடுவோமோ என்று கேட்காதவர் இல்லை. போக முடியாது. மேலும் நடுவில் தடுப்பு வலையும் உண்டு.

விசிறியைத் தாண்டிய காற்றை வெளியே விட்டுவிட்டால் அத்தனை ஆற்றலும் வீண். அதனால் இருபுறமும் குழாய்கள் வழியாகக் கீழே கொண்டுவந்து மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு மூலையிலும் வளைந்த தகடுகள் வரிசையாக நின்று காற்றைத் திருப்பிவிடும். ஐந்து மீட்டர் விட்டமுள்ள கூடத்தில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் என்றால், ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 1300 கிலோ காற்று கடந்துபோகிறது. அதன் இயக்க ஆற்றல் நொடிக்கு இரண்டு மெகாஜூல் அளவு. சுற்றுப்பாதை இருப்பதால் அத்தனையையும் மோட்டார் புதிதாகக் கொடுக்க வேண்டியதில்லை; உராய்விலும் திருப்பங்களிலும் இழந்ததை ஈடுகட்டினால் போதும். அதுவே பெரிய தொகைதான். தாங்கும் விசை வேகத்தின் இருமடியில் கூடுகிறது, தேவைப்படும் திறனோ மும்மடியில் கூடுகிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் மின்தேவை முக்கால் பங்கு எகிறிவிடும். சுரங்க முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுப்பது இந்த மும்மடிதான். இன்னொன்று, செலவழித்த ஆற்றல் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் காற்றில் சேரும். வெயில் நாடுகளில் அந்தக் காற்றைக் குளிர்விக்கத் தனிச் செலவு.

சரி, உள்ளே போவோம். முதல்முறை வருபவருக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம் வீதம் இரண்டு முறை. அங்கியும் தலைக்கவசமும் கண்ணாடியும் காதடைப்பானும் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னறையில் வரிசையாக உட்காருகிறார்கள். காதடைப்பானை மீறியும் ஓசை நெஞ்சில் அதிரும். பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சைகைதான். முறை வந்ததும் வாசலில் நின்று, கைகளை முகத்தருகே உயர்த்தி, தாடையைத் தூக்கியபடி அப்படியே முன்னால் சாய வேண்டும். குதிக்கக் கூடாது, சாய வேண்டும். பயிற்றுநர் அங்கியின் பிடியைப் பற்றி உள்ளே வாங்கிக்கொள்கிறார். காற்றில் கன்னச்சதை அலையடிக்கிறது, வாய் தானே திறந்துகொள்கிறது. புதியவர் செய்யும் முதல் காரியம் மூச்சை அடக்குவது. இரண்டாவது, உடம்பை விறைப்பது. விறைத்த உடம்பு பலகை மாதிரி ஆடும். பயிற்றுநர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி ஆட்டிக் காட்டுவார். தளரவிடு என்று பொருள். இரண்டு விரலை மடக்கிக் காட்டினால் காலை மடக்கு, நீட்டிக் காட்டினால் காலை நீட்டு.

காலை நீட்டிய மாத்திரத்தில் உடம்பு முன்னோக்கி நழுவுகிறது. உள்ளங்கையைச் சற்றே சாய்த்தால் திரும்புகிறது. காற்று என்பது பற்றிக்கொள்ளத்தக்க ஒரு பொருள் என்பதை உடம்பு அந்த நொடியில் புரிந்துகொள்கிறது. புரிந்து முடிப்பதற்குள் நிமிடம் தீர்ந்துவிடும். வெளியே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், அவரைப் பலர் கவனிப்பதே இல்லை. உள்ளே இருப்பவர் ஒல்லியா, பருமனா, தடுமாறுகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணத்துக்குக் கணம் மாற்றுபவர் அவர்தான். பக்கவாத்தியக்காரர் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் மிருதங்கத்தை ஏற்கெனவே இழுத்துவிட்டேன்.

நேரம் கிடைத்ததும் என்ன ஆனது? விமானத்தின் வாசலையே பார்த்திராத பிள்ளைகள் பறக்கும் கலையில் பெரியவர்களைத் தாண்டிப் போனார்கள். சிங்கப்பூரைப் பாருங்கள். சின்னத் தீவு, மேலே எந்நேரமும் விமானங்கள் நெரியும் வான்வெளி. அந்த ஊரில் செந்தோசாவின் கடற்கரையோரம் 2011-இல் ஒரு சுரங்கம் திறந்தது, ஐந்து மீட்டர் விட்டம். அங்கே எட்டு வயதளவில் பறக்கத் தொடங்கியவர் கைரா போ என்ற சிறுமி. 2017-இல் ஸ்பெயினின் கத்தலோனியாவில், எம்பூரியாபிராவாவில் நடந்த விண்ட் கேம்ஸ் போட்டியில் தனிநபர் ஃப்ரீஸ்டைலிலும் வேகப் போட்டியிலும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 14. பல நாடுகளில் 18 வயதுக்கு முன் விமானத்திலிருந்து குதிக்கவே விடமாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். தலைகீழாக நின்றபடி கண்ணாடிச் சுவரை ஒட்டி வட்டமடித்து, ஒரு விரல் இடைவெளியில் வலையை உரசாமல் மேலேறும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால், இது குதிப்பின் நிழல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பும் இதைத் தனி விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. முதல் உலகக்கோப்பை 2014-இல் டெக்சாஸின் ஆஸ்டினில், முதல் உலகச் சாம்பியன்ஷிப் 2015-இல் பிராகாவில். நால்வர் அணிப் போட்டி ஒன்று உண்டு. குலுக்கலில் வரும் உருவங்களை நால்வரும் கைகோத்து, பிரிந்து, மறுபடி கோத்து 35 நொடிக்குள் எத்தனை முறை சரியாக அமைக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். நால்வரும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதால் கனமானவர் தொளதொள அங்கி போடுவார், ஒல்லியானவர் இறுக்கமான அங்கிக்குள் ஈயக் கட்டிகள் வைத்த உள்ளாடை அணிவார். அலங்காரம்போலத் தெரியும் உடையில் இப்படி ஒரு கணக்கு.

படைவீரர்களும் இதே நிமிடங்களுக்காகத்தான் வருகிறார்கள். முதுகில் மூட்டை, பக்கத்தில் ஆயுதம், முகத்தில் உயிர்வாயு முகமூடி என்று விழப் பழகுவது எளிதல்ல. மூட்டை சற்று ஒருபக்கம் சாய்ந்தாலே உடம்பு சுழலத் தொடங்கிவிடும். அதை வானில் முதல்முறை சந்திப்பதைவிட வலைக்கு ஒரு மீட்டர் மேலே சந்திப்பது மேல். நம் இராணுவமும் 2024-இல் ஹிமாசலப் பிரதேசத்தின் பக்லோவிலுள்ள சிறப்புப் படைப் பயிற்சிப் பள்ளியில் இப்படி ஒரு சுரங்கத்தைத் திறந்தது. பொதுமக்களுக்கு ஐதராபாத்தில் ஒன்று இருக்கிறது.

பழைய வான்குதிப்பாளர்கள் சிலர் இதைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பேசுவார்கள். கதவைத் திறந்து கீழே பார்க்கும் அச்சம் இல்லாமல் என்ன வீரம் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. அச்சத்தைத் தாங்குவது ஒரு திறமை, பறப்பது வேறு திறமை. இரண்டும் ஒட்டியே இருந்ததால் ஒன்று என்று நினைத்துவிட்டோம். ஆனால் அவர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மையும் உண்டு. உயரமானியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கத்தைச் சுரங்கம் தராது. பாராசூட்டை விரிக்கவும் அதை ஓட்டித் தரையிறங்கவும் கற்றுத்தராது. வான்குதிப்பில் நேரும் மரணங்களில் கணிசமான பங்கு பாராசூட் நன்றாக விரிந்த பிறகு, தரையிறங்கும்போது நேர்பவை. சுரங்கத்தில் நூறு மணி நேரம் பறந்தவர் முதல் குதிப்பில் அற்புதமாகப் பறப்பார். கடைசி நூறு மீட்டரில் அவரும் புதியவர்தான். இது தெரியாமல் துணிந்துவிடுவதுதான் ஆபத்து.

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறொன்று. நேரம் விற்பனைக்கு வந்துவிட்டால் அதிகம் வாங்க முடிந்தவனே அதிகம் கற்கிறான். அமெரிக்காவில் ஒரு மணி நேரத்துக்குப் பல நூறு டாலர் ஆகும். பெற்றோர் வசதியானவர்களாகவோ, சுரங்கத்திலேயே வேலை பார்ப்பவர்களாகவோ இருந்தால்தான் பிள்ளை ஆயிரம் மணி நேரம் பறக்க முடியும். பயிற்றுநர்களில் பலர் சம்பளத்தைவிட, ஆளில்லாத நேரத்தில் கிடைக்கும் இலவசக் காற்றுக்காகத்தான் அந்த வேலையில் இருக்கிறார்கள். வேலை முடிந்து, கடைசி வாடிக்கையாளரும் போன பிறகு, அவர்களே மாறி மாறி உள்ளே இறங்குவார்கள்.

அவைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை சொல்லி முடித்துக்கொள்கிறேன். தோள்மூட்டு முன்பு எப்போதாவது விலகியிருந்தால் போகாதீர்கள். விரித்த கையைக் காற்று பின்னுக்குத் தள்ளினால் மறுபடி விலகும். கர்ப்பிணிகள் கூடாது. முதுகெலும்பு, கழுத்து, இதயத்தில் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். சங்கிலி, மோதிரம், சட்டைப்பை நாணயம் எல்லாவற்றையும் வெளியே வையுங்கள். உள்ளே ஒரு ரூபாய் நாணயம் பறந்தாலும் அது கல்லெறிதான். மூக்கால் மூச்சு விடுங்கள், தாடையைத் தாழ்த்தாதீர்கள். இரண்டு நிமிடத்துக்குக் காசு கட்டியிருந்தால் முதல் நிமிடத்தைப் பயத்துக்கு எழுதிவிடுங்கள், இரண்டாவதில் காலை நீட்டிப் பாருங்கள். இனிக் கேள்விகள் கேட்கலாம். வாசலில் கேட்டவர் முதலில் கேட்கட்டும்.